மெட்ரோலாக் முதல் நியூட்ரான் வரை: மரப்பாலை அளந்த வரலாறு



புக்கிட் பெலண்டோக் என்றதும் வெளியூர் மக்களுக்கு நினைவுக்கு வருவது நிப்பா நச்சுயிரிதான். 1998, 1999 ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் 105 உயிர்களைப் பறித்த அந்நோய்க்கு இவ்வட்டாரத்துச் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே இடப்பட்டது. ஆனால், அந்நோய் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பிருந்தே நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம்மவர் நாள் தவறாமல் சுமந்தது மரப்பால். அந்த வெள்ளைத் திரவத்திற்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அறிய மனிதன் எடுத்த முயற்சிகளின் வரலாற்றை இக்கட்டுரையில் சொல்ல விழைகிறேன். அவ்வரலாறு பால் கொட்டகையில் தொடங்கி அணு உலை வரை செல்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவேண்டிய கடமை நமக்கு உண்டு என்பது என் கருத்து.

கொட்டகையில் நடந்த அளவை

தோட்டத்து வாழ்க்கையை அறிந்த பெற்றோர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இன்றைய இளம் ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, தமக்கு ஒதுக்கப்பட்ட நிரைக்குச் சென்று மரம் சீவுவார்கள். வெயில் ஏறுமுன் மரத்தின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுதியாக இருக்கும். அப்போதுதான் பால் நன்றாக வடியும். பின்னர் மங்குகளில் நிறைந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாவில் தூக்கிக் கொட்டகைக்குக் கொண்டு வருவார்கள். அங்கே கிராணியார் காத்திருப்பார்.

அவர் அளப்பது வாளியின் எடையை மட்டுமன்று. பாலில் பெரும்பகுதி நீரே. புதிதாக வடிந்த பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரைதான் இரப்பர் உண்டு. ஆகவே, உலர்ந்த இரப்பர் எவ்வளவு தேறும் என்பதை வைத்தே எடைக்கூலி கணக்கிடப்பட்டது. அதற்கு உதவிய கருவி மெட்ரோலாக். பாலோடு குறிப்பிட்ட அளவு நீர் கலந்து, அதில் இக்கருவியை மிதக்க விடுவார்கள். இரப்பர் நீரைவிட அடர்த்தி குறைந்தது. எனவே, இரப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழமாக இறங்கும். நீர்த்த பாலில் மேலெழும்பி நிற்கும். தண்டில் உள்ள கோட்டைப் படித்தால் கணக்கு முடிந்தது. ஐயம் எழுந்தால் சிறிது பாலை எடுத்து, அமிலமிட்டு உறைய வைத்து, அழுத்தி, உலர்த்தி, எடை பார்ப்பதும் உண்டு.

என் தாயார் நிரை எடுத்த காலத்தில் மழை நாள்களில் வீட்டில் பேச்சு வேறாக இருக்கும். மங்கில் மழைநீர் விழுந்தால் வாளி கனக்கும். ஆனால் மெட்ரோலாக் மேலே நிற்கும். சுமை கூடும், கூலி குறையும். அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர். அதை நம்பியே ஆகவேண்டியவர்கள் நூறு பேர். கிராணியார் சரியாகப் படித்தாரா என்ற ஐயத்தை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்பதற்கு அளவையின் அறிவு வேண்டும். அது நம்மவர்க்குக் கற்பிக்கப்படவில்லை. அளக்கத் தெரியாதவன் பிறர் அளவுக்குக் கட்டுப்பட்டவன் என்பதை நான் முதலில் கண்ட இடம் அக்கொட்டகைதான்.

பால் எதனால் ஆனது?

மரப்பால் என்பது கரைசல் அன்று; கூழ்மம். உப்பு நீரில் கரைவதுபோல் இரப்பர் நீரில் கரைவதில்லை. மிக நுண்ணிய இரப்பர் உருண்டைகள் நீர்மத்தில் தனித்தனியே மிதக்கின்றன. சில உருண்டைகள் ஒரு மில்லிமீட்டரின் பதினாயிரத்தில் ஒரு பங்கைவிடவும் சிறியவை. பெரியவை சில மைக்ரோமீட்டர் வரை வரும். எல்லா உருண்டைகளும் அரை மைக்ரோமீட்டர் விட்டம் கொண்டவை என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு மில்லிலிட்டர் பாலில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் கோடி உருண்டைகள் இருக்கும். மங்கின் அடியில் தேங்கும் துளியிலேயே உலக மக்கள் தொகையைவிடப் பன்மடங்கு உருண்டைகள் உண்டு என்று மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள். அவர்கள் கண்கள் விரியும்.

இவ்வுருண்டைகளைச் சுற்றிப் புரதமும் கொழுப்புப் பொருள்களும் சேர்ந்த மெல்லிய போர்வை ஒன்று உண்டு. அப்போர்வை எதிர்மின்னூட்டம் உடையது. ஒரே மின்னூட்டம் ஒன்றையொன்று விலக்கும் ஆதலால் உருண்டைகள் ஒட்டாமல் மிதக்கின்றன. அமிலம் சேரும்போது அம்மின்னூட்டம் மறைகிறது, உருண்டைகள் மோதி ஒட்டிக்கொள்கின்றன, பால் உறைகிறது. பாலை நெடுநேரம் வைத்திருந்தால் நுண்ணுயிரிகள் தோற்றுவிக்கும் அமிலமே அதனை உறைய வைத்துவிடும். அதைத் தடுக்கவே அமோனியா சேர்க்கிறார்கள். இலங்கையில் பேராதனைத் தாவரத் தோட்டத்தில் பணியாற்றிய ஜான் பார்க்கின், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அசெட்டிக் அமிலத்தால் பாலை உறைய வைக்கும் முறையை ஆராய்ந்து பரிந்துரைத்தார். பின்னாளில் தோட்டங்களில் ஃபார்மிக் அமிலம் நிலைபெற்றது.

இடைநிலைப்பள்ளி வேதியியல் பாடத்தில் இச்செய்தி இன்றும் இடம்பெறுகிறது. ஆனால், தன் பாட்டி கொட்டகையில் நாள்தோறும் கண்ட காட்சிதான் அது என்பதைப் பல மாணவர்கள் அறிவதில்லை.

ஐன்ஸ்டைனைச் சோதித்த மரப்பால்

அடுத்த காட்சி பாரிஸ் நகரம். 1905 இல் ஐன்ஸ்டைன் ஒரு கணக்கை வெளியிட்டிருந்தார். நீர்மத்தில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் நடுங்குவது கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் அவற்றை மோதுவதால்தான் என்றும், குறிப்பிட்ட நேரத்தில் அவை எவ்வளவு தொலைவு நகரும் என்பதைக் கணிக்க முடியும் என்றும் அவர் கூறினார். அணு, மூலக்கூறு என்பன உண்மைதானா என்ற வாதம் அறிஞர்களிடையே அப்போதும் ஓய்ந்திருக்கவில்லை.

1908 இல் விக்டர் ஹென்றி என்னும் அறிவியலாளர் அக்கணக்கைச் சோதிக்க முன்வந்தார். நுண்ணோக்கியோடு திரைப்படக் கருவியை இணைத்து, நடுங்கும் துகள்களைப் படம் பிடித்தார். அவர் தேர்ந்தெடுத்த துகள்கள் எவை தெரியுமா? இரப்பர்ப் பாலின் உருண்டைகள்! அமிலம் போன்ற பொருள்களைச் சேர்த்தபோது அவற்றின் ஆட்டம் தளர்வதையும் அவர் கண்டார். ஆனால், அவர் அளந்த நகர்வு ஐன்ஸ்டைனின் கணக்கைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாக வந்தது. கொள்கையே தவறோ என்று சிலர் ஐயுற்றனர். பின்னர் ழான் பெரின், கம்போஜ் என்னும் மஞ்சள் மரப்பிசினிலிருந்து ஒரே அளவுடைய துகள்களைப் பொறுமையாகப் பிரித்தெடுத்துச் சோதித்து, ஐன்ஸ்டைனின் கணக்கு சரி என்று நிறுவினார். 1926 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நகர்வின் கணக்கு துகளின் அளவைச் சார்ந்தது. துகளின் அளவை அறியாமல் அதன் நடத்தையை அறிய முடியாது. அளவை அறிவதே முதற்படி.

தோட்டத்தில் பிறந்த ஆய்வாளர்

மலாயாவில் இரப்பர் ஆய்வுக்கழகம் 1925 இல் நிறுவப்பட்டது. அங்கே பாலைப் பிரித்துப் பார்க்க அதிவேகச் சுழற்கருவியைக் கையாண்டனர். 1953 இல் குக், சேகர் ஆகிய இருவர் புவியீர்ப்பைப்போல் 59,000 மடங்கு விசையில் பாலைச் சுழற்றிப் பிரித்த ஆய்வை வெளியிட்டனர். மேலே இரப்பர், நடுவில் தெளிந்த நீர்மம், அடியில் மஞ்சள் நிறப் படிவு எனப் பால் பிரிந்தது. 1959 இல் மோயர் என்பவர் இம்முறையை மேலும் நுணுக்கிப் பாலில் 11 அடுக்குகள் உள்ளன என்று காட்டினார். வெள்ளையாக ஒன்றுபோல் தோன்றும் பால், உண்மையில் உயிருள்ள மரத்தின் சிக்கலான சாறு என்பது அப்போது தெளிவாயிற்று.

குக்கோடு பணியாற்றிய அந்தச் சேகர்தான் பின்னாளில் புகழ்பெற்ற டான் ஸ்ரீ டாக்டர் பி. சி. சேகர். 1929 இல் சிலாங்கூரில் ஓர் இரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். 1966 இல் ஆய்வுக்கழகத்தின் இயக்குநர் பொறுப்பை ஏற்ற முதல் ஆசியர் இவரே. அதுவரை இரப்பர்த் தாளைக் கண்ணால் பார்த்தே தரம் பிரித்தனர். நிறம் எப்படி, குமிழ் உண்டா, பூஞ்சை உண்டா என்று வாங்குவோர் சொல்வதே தீர்ப்பு. 1965 இல் அறிமுகமான தர நிர்ணயத் திட்டம் அதை மாற்றியது. அழுக்கு எத்தனை விழுக்காடு, சாம்பல் எத்தனை விழுக்காடு என்று ஆய்வகத்தில் அளந்து எண்ணால் சொல்லும் முறை வந்தது. அத்திட்டத்தின் பின்னணியில் சேகரின் உழைப்பு பெரிது.

கண்ணின் தீர்ப்பை அளவையின் தீர்ப்பாக மாற்றியவர் தோட்டத்துப் பிள்ளை என்பதை எண்ணும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஒளி ஏன் போதவில்லை?

இருப்பினும் ஒரு வினா எஞ்சி நின்றது. உருண்டையைச் சுற்றியுள்ள போர்வை எவ்வளவு தடிமன்? அதில் புரதம் எப்படி அமைந்துள்ளது? இதை அறிய ஒளி போதவில்லை. சாதாரண ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர். போர்வையோ அதைவிடப் பன்மடங்கு மெல்லியது. மேலும், பால் வெண்மையாக இருப்பதே ஒளி உருண்டைக்கு உருண்டை மோதிப் பலமுறை சிதறுவதால்தான். ஆகவே, பாலைப் பெரிதும் நீர்க்கச் செய்தாலன்றி ஒளியால் அளக்க இயலாது. மின்னணு நுண்ணோக்கியின் கூர்மை பெரிது. ஆனால் பொதுவாக அதற்குப் பொருளை உலர்த்தி வெற்றிடத்தில் வைக்க வேண்டும். உலர்ந்த பால் பாலாகாது.

சிதறலைக் கொண்டு பொருளை அறியும் கலை நமக்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928 இல் ஒளிச்சிதறலில் கண்ட புதிய விளைவுக்காகத்தான் 1930 இல் நோபல் பரிசு பெற்றார். வேண்டியிருந்தது ஒளிக்குப் பதிலாக வேறொரு கதிர் மட்டுமே.

நியூட்ரான் வந்தது

1932 இல் ஜேம்ஸ் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். அது மின்னூட்டம் இல்லாத துகள். எனவே, பொருளின் மேற்பரப்பில் தடைபடாமல் உள்ளே ஊடுருவிச் சென்று, பெரும்பாலும் அணுக்கருவோடு உறவாடும். அதற்கு அலைப்பண்பும் உண்டு. அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான்களைக் குளிரச் செய்து வேகத்தைக் குறைத்தால் அவற்றின் அலைநீளம் அரை நானோமீட்டர் அளவுக்கு வரும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு.

1946 முதல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் எர்னஸ்ட் வோலனும் கிளிஃபர்ட் ஷல்லும் இக்கலையை வளர்த்தனர். கனடாவில் பெர்ட்ராம் புரோக்ஹவுஸ் மற்றொரு வழியில் வளர்த்தார். ஷல்லுக்கும் புரோக்ஹவுசுக்கும் 1994 இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. புரோக்ஹவுசிடம் பயிற்சி பெற்ற இந்தியர் ஒருவர் உண்டு. அவர் பி. கே. அய்யங்கார். தாயகம் திரும்பி மும்பைக்கு அருகிலுள்ள திராம்பேயில் நியூட்ரான் சிதறல் ஆய்வுக்கு அடித்தளமிட்ட அவர், பின்னாளில் இந்திய அணுசக்தி ஆணையத்தின் தலைவராக உயர்ந்தார்.

அளக்கும் முறை எளிமையாகச் சொன்னால் இதுதான். மெல்லிய கண்ணாடிக் கலத்தில் பால் வைக்கப்படும். ஒரு பக்கத்திலிருந்து நியூட்ரான் கற்றை பாயும். பெரும்பகுதி நேரே சென்றுவிடும். சிறுபகுதி சற்றே விலகிச் சிதறும். பெரிய துகள் சிறிய கோணத்தில் சிதறச் செய்யும். சிறிய துகள் பெரிய கோணத்தில் சிதறச் செய்யும். எந்தக் கோணத்தில் எத்தனை நியூட்ரான் வந்து விழுந்தது என்று எண்ணினால், துகளின் அளவையும் உருவத்தையும் கணிக்கலாம். ஏறத்தாழ ஒரு நானோமீட்டரிலிருந்து சில நூறு நானோமீட்டர் வரை இம்முறை பேசும். அதனினும் பெரிய உருண்டைகளுக்கு மிகமிகச் சிறுகோணத்தை அளக்கும் வேறு கருவி தேவை.

கனநீரின் மாயம்

இம்முறையின் உண்மையான சிறப்பு இனிதான் வருகிறது. சாதாரண ஐதரசனுக்கு டியூட்டீரியம் என்றோர் உடன்பிறப்பு உண்டு, எடை இருமடங்கு. அது ஆக்சிசனோடு சேர்ந்தால் கனநீர். வேதியியலில் இரண்டு நீரும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால், நியூட்ரானுக்கு இரண்டும் முற்றிலும் வேறு. ஐதரசன் எதிர்க்குறியோடு சிதறச் செய்யும். டியூட்டீரியம் நேர்க்குறியோடு சிதறச் செய்யும்.

கடைகளில் விற்கும் ஜெல்லி மணிகளை நீரில் ஊறவைத்துப் பார்த்திருப்பீர்கள். நீருக்குள் இருக்கும்போது அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. வெளியே எடுத்தால் தெரிகின்றன. சூழலும் பொருளும் ஒத்துப்போனால் பொருள் மறையும். நியூட்ரான் ஆய்விலும் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். நீரோடு கனநீரை ஏறத்தாழ 12 விழுக்காடு கலந்தால் இரப்பர் நியூட்ரானின் பார்வையிலிருந்து மறைந்துவிடும்; கொழுப்பும் பெரும்பாலும் மங்கிவிடும். எஞ்சித் தெரிவது புரதம். கனநீரை ஏறத்தாழ 40 விழுக்காடு ஆக்கினால் புரதம் மறைந்து, உள்ளிருக்கும் இரப்பர் வெளிப்படும். பாலை உலர்த்தாமல், உடைக்காமல், பாலாகவே வைத்துக்கொண்டு அதன் ஒவ்வோர் அங்கத்தையும் தனித்தனியே பார்க்க இதுவே வழி.

பிரித்தானியாவின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ரான் ஓட்டவில் என்னும் கூழ்ம அறிஞரும் அவர் குழுவினரும் இந்த வழியில் முன்னோடிகள். பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1967 இல் நிறுவப்பட்ட லாவ்-லாஞ்சவின் கழகத்தின் உலை போன்ற வலிமைமிக்க மூலங்கள் கிடைத்தபின், செயற்கை மரப்பால் எனப்படும் பாலிமர்க் கூழ்மங்களை நியூட்ரான்களால் அளந்தனர். செயற்கைப் பாலின் உருண்டைகள் ஒரே அளவில் அமைபவை. ஆகவே, கணக்கு தெளிவாக வரும். நம் மரத்தின் பாலிலோ பெரியதும் சிறியதும் கலந்திருக்கும்; அது கடினமான மாணவன்.

இயற்கை இரப்பரையும் ஆய்வாளர்கள் விட்டுவிடவில்லை. 2007 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், உலர்ந்த இயற்கை இரப்பருக்குள் புரதம் சமமாகப் பரவாமல் திரள்திரளாக நிற்பதை நியூட்ரான், எக்ஸ் கதிர் ஆகிய சிதறல்களின் துணையோடு காட்டினர். 2011 இல் தாய்லாந்து, மலேசியா, நெதர்லாந்து அறிஞர்கள் இணைந்து, அணுவிசை நுண்ணோக்கியால் பால் உருண்டையின் போர்வை ஏறத்தாழ 20 நானோமீட்டர் தடிமன் என்று அளந்தனர். ஒரு முறை சொல்வதை இன்னொரு முறை சரிபார்ப்பதே அறிவியலின் அறம். கொட்டகையில் நம்மவர்க்குக் கிட்டாதது அந்தச் சரிபார்ப்புதான்.

இதனால் யாருக்கு என்ன பயன்?

பெற்றோர்கள் இவ்வாறு வினவலாம், வினவ வேண்டும். 1980களில் எய்ட்ஸ் நோய் அச்சத்தால் மருத்துவக் கையுறைகளின் தேவை உலகெங்கும் பெருகியது. அக்கையுறைகள் நம் மரப்பாலில் செய்யப்பட்டவை. சில ஆண்டுகளில் மருத்துவர்களுக்கும் தாதியர்க்கும் ஒவ்வாமை தோன்றியது. நோயாளிகள் சிலர் உயிரிழந்தனர். 1991 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. காரணம் இரப்பர் அன்று. பாலில் உள்ள புரதங்கள். அவற்றுள் இரண்டு, உருண்டையின் போர்வையிலேயே ஒட்டியிருப்பவை. ஆகவே, போர்வையை அறிவது என்பது ஒரு நாட்டின் தொழிலையும் மனித உயிரையும் காக்கும் அறிவு.

நம் நாட்டிலும் அணு உலை உண்டு. புக்கிட் பெலண்டோக்கிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்திற்குள் உள்ள பாங்கியில், 1982 ஜூன் 28 அன்று புஸ்பாத்தி திரிகா ஆய்வு உலை இயங்கத் தொடங்கியது. அதன் ஆற்றல் 1 மெகாவாட். கிரெனோபிள் உலை 58 மெகாவாட் என்பதோடு ஒப்பிட்டால் இது சிறியது. ஆயினும் சிறுகோண நியூட்ரான் சிதறல் கருவி ஒன்றும் அங்கு அமைக்கப்பட்டது. பால்மரக்காட்டுக்கும் நியூட்ரான் கற்றைக்கும் இடையே உள்ள தொலைவு, சாலைக் கணக்கில் மிகக் குறைவு. கல்விக் கணக்கில்தான் அது நீண்டு கிடக்கிறது.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை

பெரிய கருவிகள் இல்லாமலேயே இப்பாடத்தைத் தொடங்கலாம். ஆசிரிய நண்பர்களுக்குச் சில பரிந்துரைகள்:

1. ஒரு கண்ணாடிக் குவளை நீரில் சில துளி தேங்காய்ப்பால் விட்டு, இருட்டறையில் கைவிளக்கொளியைப் பாய்ச்சுங்கள். கற்றையின் பாதை தெரியும். அதுவே சிதறல். உப்பு நீரிலும் செய்து ஒப்பிடுங்கள்.

2. மரப்பால் கிடைக்குமானால், ஒரு பகுதியில் எலுமிச்சைச் சாறும் மற்றொரு பகுதியில் வெறும் நீரும் விட்டு, எது முதலில் உறைகிறது என்று நேரம் குறிக்கச் சொல்லுங்கள்.

3. உறிஞ்சுகுழலின் அடியைக் களிமண்ணால் அடைத்து, நீரிலும் உப்பு நீரிலும் மிதக்க விட்டு, மூழ்கும் ஆழத்தைக் கோடிட்டு அளக்கட்டும். அதுதான் மெட்ரோலாக்கின் தத்துவம்.

4. பாட்டி தாத்தாக்களிடம் கொட்டகையில் பால் எப்படி அளக்கப்பட்டது என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதட்டும். அச்சொற்களை அறிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.

இவ்வட்டாரத் தோட்டங்களில் பால்மரங்கள் இருந்த நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. லயங்கள் பல மறைந்தன. மெட்ரோலாக்கை இன்றைய மாணவர் பலர் பார்த்ததே இல்லை. ஆயினும் அளவை அறிவின் தேவை மறையவில்லை. சம்பளச் சீட்டைப் படிப்பதும், மருந்தின் அளவை அறிவதும், ஆய்வகத்தில் ஒரு வரைபடத்தைப் படிப்பதும் அதே அறிவின் கிளைகளே. தம் பாட்டன் பாட்டி சுமந்த பாலை நாளை நியூட்ரான் கற்றையின் முன் வைத்து அளப்பவர் நம் பள்ளிப் பிள்ளைகளுள் ஒருவராக இருக்கட்டும். அந்தக் கோட்டைப் படிக்கும் கண் இனி நம் கண்ணாகவும் இருக்கட்டும்.

இப்பயிற்சிகளை வகுப்பில் செய்து பார்க்கும் ஆசிரியர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் மகிழ்வேன். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.